தேன்சிட்டு கேக்: ஏப்ரல் சீசனுக்கு வந்த வாசகர் கேள்விகள்

மார்ச் பொறந்ததுல இருந்து நம்ம பக்கத்துக்கு வாற கடிதத்துல முக்கால்வாசி கேக் பத்திதான். ஏப்ரல் சீசன், சித்திரை வருஷப்பொறப்பு, சில வருஷம் ஈஸ்டரும் அதோட ஒட்டி வந்துரும், கொழும்புல இருந்து சொந்தக்காரங்க வேற மலையேறி வருவாங்க. அதனால இந்த இதழ்ல பழமும் கஜுவும் போட்டு அடுக்கடுக்கா செய்யிற கேக்க பத்தி மட்டும் பேசுவோம், மத்த கடிதங்களுக்கு அடுத்த மாசம் கட்டாயம் பதில் வரும்.

கேள்வி (நுவரெலியா வாசகி): அக்கா, எனக்கு பட்டர் கேக் ஓரளவுக்கு நல்லா வரும். இந்த தடவ சீசனுக்கு மாமியார் வீட்டு ஆக்கள் 12 பேர் வாறாங்க, பழமெல்லாம் போட்டு ரெண்டு மூணு அடுக்கா ஒரு கேக் செய்யணும்னு ஆச. போன வருஷம் ஒரு ரெசிப்பிய பாத்து ஒரு கரண்டி கூட கூட்டாம கொறைக்காம அப்படியே செஞ்சேன், அவனுக்குள்ள (கேக் சுடுற ஓவன்) நல்லா பொங்கி வந்துச்சு, பொறகு நடுவுல பொத்துனு உள்ள எறங்கிருச்சு, அடுத்த நாள் பாத்தா ஓரமெல்லாம் பழைய பாண் மாதிரி காஞ்சு கெடக்கு. நான் எங்க பிழ விட்டேன்?

பதில்: தங்கச்சி, நீங்க பிழ விடல. அந்த ரெசிப்பிய எழுதுனவங்க கீழ இருந்து எழுதியிருக்காங்க, நீங்க மேல இருந்து சுட்டிருக்கீங்க. எனக்கும் இதே கததான். வத்தளையில சித்தி வீட்டுல இருந்து கேக் பழகினேன், அங்க ஒருநாளும் பிழைச்சதில்ல. கல்யாணம் கட்டி நுவரெலியாவுக்கு வந்த மொத ஏப்ரல்ல அதே கொப்பிய பாத்து, அதே டின்னுல சுட்டா, நடுவுல கெணறு மாதிரி குழி. மூணு தடவ செஞ்சேன், மூணு தடவயும் குழி. மாவு பழசா இருக்கும், முட்ட சின்னதா இருக்கும், அவன் பழுதா இருக்கும்னு என்னென்னவோ நெனச்சேன், கடைசில பாத்தா நம்ம ஊரோட உயரம்தான் காரணம்.

நுவரெலியா டவுன் கடல் மட்டத்துல இருந்து 1,868 மீட்டர் மேல இருக்கு. இங்க காத்தழுத்தம் கொழும்புல இருக்குறதுல அஞ்சுல நாலு பங்குதான், அதனால தண்ணி 100 டிகிரிக்கு முன்னாடியே, 94 டிகிரி கிட்டயே கொதிச்சிரும். பருப்பு வேக நேரம் எடுக்குதுன்னு நம்ம ஆக்கள் சொல்றோமே, அதுக்கும் இதான் காரணம். கேக்குல இது ரெண்டு வேல பண்ணுது. ஒண்ணு, அப்பச்சோடாவும் பேக்கிங் பவுடரும் விடுற வாயுவ மேல இருந்து அமுக்குறதுக்கு காத்து பத்தாது, அதனால கலவ வேகமா பொங்கிருது, மாவும் முட்டையும் வெந்து இறுகி அத தாங்கிப் பிடிக்கிறதுக்கு முன்னாடியே பொங்கிருது, தாங்க ஆள் இல்லாம நடுவுல எறங்கிருது. ரெண்டாவது, கலவையில உள்ள தண்ணி சீக்கிரமா ஆவியா போயிருது, தண்ணி போனா சீனி கலவையில கூடிப் போகும், சீனி கூடுனா கேக் இறுகவே பிந்தும். அதான் உங்க கேக் நடுவுல குழியாவும் ஓரத்துல காஞ்சும் வந்துச்சு, ரெண்டும் வேற வேற வியாதி இல்ல.

அப்ப என்ன செய்யணும்? சோடா, பேக்கிங் பவுடர் எதுவா இருந்தாலும் ரெசிப்பில உள்ளதுல கால்வாசிய கொறைங்க. சீனியில ஒரு கப்புக்கு ஒண்ணு ரெண்டு மேசைக்கரண்டி கொறைங்க. தண்ணிச்சத்த கூட்டுங்க, அதுக்கு நல்ல வழி ஒரு முட்டைய கூட போடுறது, தண்ணியும் கெடைக்கும், தாங்கிப் பிடிக்கவும் ஆள் கெடைக்கும். அவன் சூட்ட ஒரு 10 டிகிரி கூட்டி, நேரத்த கொஞ்சம் கொறைங்க. இந்த நாலும் போதும்.

இனி எந்த கேக்னு சொல்றேன். அமெரிக்காவோட தெக்குப் பக்கத்துல வசந்த காலத்துக்கு, ஈஸ்டருக்கு எல்லாம் ஹம்மிங்பேர்ட் கேக்னு ஒண்ணு செய்வாங்க, வாழப்பழம், அன்னாசி, பெக்கன்ங்கிற பருப்பு, கறுவா போட்டு மூணு அடுக்கு, நடுவுலயும் மேலயும் க்ரீம் சீஸ் ஐசிங். இதோட பூர்வீகம் ஜமைக்கான்னு சொல்லுவாங்க, அங்க டாக்டர் பேர்ட்னு கூப்பிடுற ஹம்மிங்பேர்ட்தான் அந்த நாட்டோட தேசியப் பறவ. 1978 பெப்ரவரில சதர்ன் லிவிங்ங்கிற அமெரிக்க சஞ்சிகையில நோர்த் கரோலினால இருந்து ஒரு வாசகி அனுப்பின ரெசிப்பி வந்துச்சு, அதுக்குப் பொறகுதான் வீட்டுக்கு வீடு பரவுச்சு. ஒரு வாசகி எழுதிப் போட்டது இவ்வளவு தூரம் வந்திருக்குன்னு நெனைக்கிறப்போ எனக்கு எப்பவும் ஒரு சந்தோஷம், நீங்களும் உங்க வீட்டு ரெசிப்பிய எழுதி அனுப்புங்க. ஹம்மிங்பேர்ட் நம்ம பக்கம் இல்ல, அமெரிக்கக் கண்டங்கள்ல மட்டும்தான் இருக்கு, நம்ம வேலியோர செம்பருத்தில வந்து தேன் உறிஞ்சிட்டு போறது தேன்சிட்டு, ரெண்டும் வேற வேற குடும்பம். இருந்தாலும் எங்க வீட்டுப் புள்ளைங்க இதுக்கு தேன்சிட்டு கேக்னு பேர் வச்சிட்டாங்க, நானும் அப்படியே எழுதுறேன்.

நான் இந்த கேக்க நம்ம குளிருக்கு சொல்றதுக்கு பெரிய காரணம், இது எண்ணெயில செய்யிறது. பட்டர் குளிர்ல கல்லாயிரும், நம்ம வீட்டுல காலையில பட்டர வெட்ட கத்திய சூடாக்க வேண்டியிருக்கு, அந்த பட்டர் கேக்குக்குள்ளயும் அப்படித்தான் இறுகும், தண்ணி இருந்தாலும் வாயில வைக்கும்போது காஞ்ச மாதிரிதான் தெரியும். சூரியகாந்தி எண்ணெய் நுவரெலியா குளிர்ல கூட திரவமாத்தான் இருக்கும், அதனால மூணாம் நாளும் கேக் மெதுமெதுன்னு இருக்கும். பட்டரையும் சீனியையும் அர மணித்தியாலம் அடிக்கிற வேலையும் மிச்சம்.

8 அங்குல டின் ரெண்டுக்கு அளவு சொல்றேன், இது நுவரெலியாவுக்கு நான் மாத்தி வச்சிருக்குற அளவு. கோதும மா 250 கிராம், சீனி 170 கிராம், முட்ட 3, சூரியகாந்தி எண்ணெய் 180 மில்லிலீட்டர், நல்லா கனிஞ்சு மசிச்ச வாழப்பழம் 300 கிராம், வேகவச்ச அன்னாசி 150 கிராம், கஜு 75 கிராம், அப்பச்சோடா அர தேக்கரண்டி, உப்பு அர தேக்கரண்டி, கறுவாத்தூள் ஒரு தேக்கரண்டி, வனிலா ஒரு தேக்கரண்டி. விருப்பம்னா பிளம்ஸ், அதான் காஞ்ச திராட்ச, ஒரு கைப்பிடி. பிளம்ஸ மொத நாள் ராவே நல்ல சாயமான பிளேன்டீல, ரெண்டு துண்டு இஞ்சி தட்டிப் போட்டு ஊற வச்சிருங்க, காஞ்ச பிளம்ஸ அப்படியே போட்டா அது கேக்குல உள்ள ஈரத்த குடிச்சிரும், ஊறினத போட்டா அது கேக்குக்கு ஈரம் குடுக்கும். தேயிலை ஊர்ல இருந்துகிட்டு இதுக்கு ரம் தேடி அலைய வேண்டியதில்ல.

வாழப்பழம் ஆம்புன் நல்லது, வாசமும் இருக்கும், சுலபமா மசியும். கோலிக்குட்டும் சரிதான், புளிவாழனா சீனிய ஒரு கரண்டி கூட்டிக்கோங்க. ஆனா நம்ம ஊர்ல பழம் கனியிறதுதான் பிரச்சின, ராவுல குளிர் 13 டிகிரிக்கு கீழ போச்சுன்னா பழம் கனியாம தோல் மட்டும் கறுத்துப் போகும், வெளிய பாத்தா கனிஞ்ச மாதிரி, உள்ள கட்டியா இருக்கும், இனிப்பே இருக்காது. அதனால நாலு நாளைக்கு முன்னாடியே வாங்கி பேப்பர்ல சுத்தி அரிசி வாளிக்குள்ள போட்டு அடுப்புப் பக்கம் வைங்க. தோல்ல கறுப்புப் புள்ளி விழுந்து, உரிக்கும்போதே கையில மசியணும். இந்த கேக்கோட பாதி ஈரம் அந்தப் பழத்துலதான் இருக்கு, அதுல மட்டும் அவசரப்படாதீங்க.

அன்னாசிய பச்சையா போடாதீங்க. துருவி, சாறோட சேத்து, ஒரு கரண்டி சீனி போட்டு 10 நிமிஷம் கொதிக்க வச்சு, சாறு பாதியா வத்துனதும் எறக்கி ஆற விடுங்க. பச்ச அன்னாசில புரதத்த அறுக்குற ஒரு நொதி இருக்கு, தயிர், க்ரீம் எதுல பட்டாலும் கொஞ்ச நேரத்துல தண்ணியா விட்டு கசக்கும், சூடு பட்டா அந்த நொதி செத்துரும். டின் அன்னாசி ஏற்கனவே வேகவச்சதுதான், அத அப்படியே போடலாம்.

கஜுவ வெறும் சட்டில பொன்னிறமா வறுத்து, ஆறினதும் கையால ஒடச்சுக்கோங்க. வறுக்காம போட்டா ஈரமான கேக்குக்குள்ள அது சவசவன்னு ஆயிரும்.

கலக்குறதுதான் கடைசி, அதுலதான் கூடுதலா பிழைக்கும். மா, சோடா, உப்பு, கறுவா நாலையும் ரெண்டு தடவ சலிச்சு வைங்க. இன்னொரு பாத்திரத்துல முட்ட, சீனி, எண்ணெய், வனிலா போட்டு கையாலயே ஒரு நிமிஷம் அடிங்க, வாழப்பழம், அன்னாசி, ஊறி வடிச்ச பிளம்ஸ் சேருங்க, பொறகு மாவ கொட்டி அகப்பையால மடிச்சு மடிச்சு கலங்க, வெள்ள மா கண்ணுக்கு தெரியாம போனதும் நிப்பாட்டுங்க. பீட்டர் வேணாம். கூட அடிச்சா மா ரொட்டி மா மாதிரி இழுபட்டு கேக் ரப்பராயிரும். கடைசியா கஜு. கலவ கட்டியாத்தான் இருக்கும், அதனால பழம் அடியில போயிருமேன்னு பயப்பட வேணாம்.

டின்னுக்கு எண்ணெய் தடவி ஒயில் பேப்பர் போட்டு, கலவைய சமமா பிரிச்சு ஊத்தி, முன்னாடியே சூடாக்குன அவன்ல 190 டிகிரில வைங்க. 28 நிமிஷம் கழிச்சு நடுவுல ஈக்குல ஒண்ண குத்திப் பாருங்க. பச்ச மா ஒட்டுனா இன்னும் நாலு நிமிஷம், ஒண்ணு ரெண்டு ஈரத்தூள் மட்டும் ஒட்டி வந்தா உடனே எடுங்க. ஈக்குல் சுத்தமா, காஞ்சு வரட்டும்னு காத்திருக்கிறதுதான் நம்ம வீடுகள்ல கேக் காயிறதுக்கு மொத காரணம், எடுத்ததுக்குப் பொறகும் உள்ள சூட்டுல அது வெந்துகிட்டுதான் இருக்கும். 10 நிமிஷத்துல டின்ன விட்டு எடுத்து, கை பொறுக்குற சூடு வந்ததும் மெல்லிசா ஒரு துணி போட்டு மூடுங்க, அந்த ஆவி வெளிய போகாம கேக்குலயே சுவறட்டும். திறந்து வச்சு ஜன்னல் பக்கத்துல ஆற வச்சீங்கன்னா நம்ம மலக்காத்து அத ஒரு மணித்தியாலத்துல ஒட்ட ஒறிஞ்சிரும்.

12 பேருக்கு இந்த ரெண்டடுக்கே தாராளமா காணும். விருந்தாளிங்க வாறதுக்கு மொத நாள் சுட்டு வைங்க, இது ரெண்டாம் நாள்தான் ருசி.

கேள்வி (பண்டாரவளை வாசகி): க்ரீம் சீஸ் விலைய பாத்து திரும்பி வந்துட்டேன் அக்கா. வேற ஐசிங் இல்லையா? பட்டர் ஐசிங் எங்க வீட்டுல யாருக்கும் புடிக்காது, எண்ணெய் மாதிரி நாக்குல ஒட்டுதுங்குறாங்க.

பதில்: க்ரீம் சீஸ் வேணவே வேணாம், உங்க பக்கம்தான் சட்டித் தயிர் கெடைக்குதே. எருமத் தயிர் 500 கிராம வெள்ளத் துணியில கட்டி ராவு முழுக்க தொங்க விடுங்க, அடியில ஒரு கிண்ணம் வைங்க, விடிய பாத்தா தண்ணியெல்லாம் வடிஞ்சு பாதி கிட்ட கட்டித் தயிர் நிக்கும், பசுத் தயிர்னா இன்னும் கொறைவா நிக்கும். 75 கிராம் பட்டர், கிண்ணத்த வெதுவெதுப்பான தண்ணி மேல கொஞ்ச நேரம் வச்சா எளகும், உருக்கிறாதீங்க. அதுல ஐசிங் சீனி 120 கிராம் சலிச்சுப் போட்டு வெள்ளையாகுற வரைக்கும் அடிங்க, பொறகு தயிர ஒவ்வொரு கரண்டியா போட்டு மெதுவா கலங்க, அடிக்காதீங்க, தயிர் சேந்ததுக்குப் பொறகு வேகமா அடிச்சா மோர் மாதிரி எளகி ஓடிரும். தேசிக்காய் தோல கொஞ்சம் துருவிப் போட்டா அந்த லேசான புளிப்பும் கேக்கோட இனிப்பும் சேந்து, க்ரீம் சீஸ விட இதுதான் எனக்கு புடிச்சிருக்கு, உண்மையாவே சொல்றேன்.

கேக் முழுசா ஆறின பொறகுதான் பூசணும். நடுவுல அர அங்குலம், மேல கொஞ்சம், பக்கமெல்லாம் பூச வேணாம், அடுக்கு தெரிஞ்சாத்தான் அழகு. மேல நுவரெலியா ஸ்ட்ராபெரி நாலஞ்ச பாதியா வெட்டி வைக்கலாம், ஆனா பரிமாறுறதுக்கு கொஞ்சம் முன்னாடி வைங்க. ஸ்ட்ராபெரிய கேக்குக்குள்ள போடலாமான்னும் கேட்டிருந்தீங்க, வேணாம், அது வெந்தா வெறும் தண்ணிதான், போட்ட எடமெல்லாம் ஓட்ட விழும்.

கேள்வி (ஹட்டன் பக்கத்து தோட்டத்திலிருந்து ஒரு வாசகி): எங்க லயத்துல அவன் எல்லாம் இல்ல. ஒரு கேஸ் அடுப்பு இருக்கு, கேஸ் முடிஞ்சா வெறகுதான். நாங்கெல்லாம் இந்த மாதிரி கேக்க பாக்கத்தான் முடியுமா?

பதில்: தாராளமா செய்யலாம்மா, நான் சின்ன வயசுல தின்ன மொத கேக்கே எங்க பாட்டி மணல் சட்டில சுட்டதுதான். அவங்களுக்கு டிகிரி தெரியாது, சட்டி மூடிய தொட்டுப் பாத்து சொல்லுவாங்க.

அடி கனமான பெரிய சட்டி ஒண்ணு எடுங்க, இரும்பு, இல்லனா தடிச்ச அலுமினியம். நான்ஸ்டிக் வேணவே வேணாம், வெறுமனே சூடாக்குனா அந்தப் பூச்சு கெட்டு புக வரும், நல்லதில்ல. அடியில காஞ்ச மணல், இல்லனா கல்லுப்பு, ஒன்றரை அங்குலத்துக்கு பரப்பி, அதுமேல ஒரு இரும்பு வளையமோ கவுத்துன சின்ன தட்டோ வச்சு, மூடி போட்டு 15 நிமிஷம் சூடாக்குங்க. பொறகு டின்ன உள்ள வைங்க, டின் சட்டியோட ஓரத்துல படக்கூடாது, சுத்திவர காத்து போகணும். தீய நல்லா கொறச்சு, மூடி மேல ஒரு கல்ல வச்சு, மொத அர மணித்தியாலம் தொறக்கவே தொறக்காதீங்க. 40ல இருந்து 50 நிமிஷம் போகும். மூடில சேருற ஆவி கேக் மேல சொட்டாம இருக்க டின்னுக்கு மேல ஒரு ஒயில் பேப்பர லேசா போட்டு வைங்க. ஒரு தடவைக்கு ஒரு டின், அதனால கலவைய ரெண்டு பங்கா பிரிச்சு, மாவையும் சோடாவையும் ரெண்டாவது பங்குக்கு டின் வைக்கிறதுக்கு முன்னாடிதான் சேக்கணும். சோடா ஈரம் பட்ட உடனேயே வேலைய ஆரம்பிச்சிரும், முக்கால் மணித்தியாலம் காத்துக்கிட்டு இருக்காது.

வெறகு அடுப்புனா சுடர் இருக்கக்கூடாது, தணல் மட்டும். மூடி மேலயும் செரட்டக்கரி தணல் கொஞ்சம் போட்டா மேல்பக்கம் அழகா செவக்கும், பாட்டி அப்படித்தான் செய்வாங்க. ஆனா ஒரு விஷயத்த கவனமா கேளுங்க, கரித்தணல் வச்சு சுடும்போது கதவையும் ஜன்னலையும் தொறந்து வைங்க, குளிருதுன்னு மூடாதீங்க. கரியில இருந்து வர்ற வாயுவுக்கு மணமும் இல்ல புகையும் இல்ல, மூடுன காம்பராவுல அது உசுருக்கே ஆபத்து.

இன்னொரு வழியும் இருக்கு. டவுன் பேக்கரில தெரிஞ்சவங்க இருந்தா டின்ன கொண்டுபோய் குடுத்து சுட்டு வாங்கலாம், நத்தாருக்கு நெறைய ஆக்கள் இப்படித்தான் செஞ்சாங்க. ஆனா இந்த கேக்குக்கு அது சரிவராது, கலவைய கலந்து டின்னோட பஸ்ஸுல போய் சேருறதுக்குள்ள சோடா ஓஞ்சு போயிரும்.

உங்க ஹட்டன் 1,270 மீட்டர் கிட்டத்தான் வரும், நான் மேல சொன்ன அளவுல சீனிய 180 கிராம் ஆக்கிக்கோங்க, மத்ததெல்லாம் அப்படியே.

கேள்வி (வெலிமடையிலிருந்து ஒரு தம்பி): சூரியகாந்தி எண்ணெய்க்கு பதிலா தேங்காய் எண்ணெய் போட்டா என்னக்கா?

பதில்: கொழும்புல போடலாம், நம்ம பக்கம் வேணாம் தம்பி. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்கு கீழ உறைஞ்சிரும், காலையில போத்தல்ல வெள்ளையா இறுகி நிக்குறத நீங்களே பாத்திருப்பீங்க, கேக்குக்குள்ளயும் அதேதான் நடக்கும். சோயா எண்ணெய் போடலாம்.

கேள்வி (தலவாக்கலை வாசகி): எங்க தோட்டத்துல அம்மன் திருவிழாவுக்கு காப்பு கட்டியாச்சு, வீட்டுல முட்ட கூட வாங்குறதில்ல. ஆனா மகளோட பொறந்தநாள் அதுக்குள்ள வருது, அவளுக்கு 9 வயசு, கேக் வெட்டணும்னு ஒரே அழுக. முட்ட இல்லாம இந்த கேக் வருமா?

பதில்: வரும், புள்ளைய அழ விடாதீங்க. வாழப்பழமே முட்டையோட பாதி வேலைய செய்யும், ஒட்டுற வேலைய. மீதிக்கு மூணு முட்டைக்கு பதிலா முக்கால் கப் புளிக்காத தயிரும், ஒரு மேசைக்கரண்டி வினாகிரியும் சேருங்க, வினாகிரி இல்லனா தேசிக்காய்ச் சாறு. அன்னாசிய சாறு வத்துற வரைக்கும் நல்லா சுண்ட விடுங்க, தயிர் வேற சேருறதால தண்ணி கூடிறக்கூடாது. அப்பச்சோடா அதே அர தேக்கரண்டி போதும்.

ஆனா முட்ட இல்லாத கேக்குக்கு தாங்கும் சக்தி கொறைவு, தடிப்பா ஊத்துனா நடுவுல வேகாம களி மாதிரி நிக்கும். அதனால ரெண்டு டின்னுக்குள்ளத மூணு டின்னா மெல்லிசா ஊத்தி 22 நிமிஷத்துல இருந்து பாருங்க. டின்ன விட்டு எடுக்கும்போது ஒடையிற குணம் இருக்கு, முழுசா ஆறட்டும், பேப்பரோடயே தூக்கி அடுக்குங்க. மூணடுக்கா நின்னா 9 வயசு புள்ளைக்கு அது பெரிய கோபுரம் மாதிரி தெரியும். மகளுக்கு என்னோட வாழ்த்தையும் சொல்லுங்க.

கேள்வி (பதுளை வாசகர்): நான் சமைக்கிற ஆம்பளதான், இந்தப் பக்கத்த விடாம வாசிக்கிறேன். எங்க ஊருக்கும் அதே மாத்தம் பொருந்துமா?

பதில்: சந்தோஷம் அண்ணா. பதுள 680 மீட்டர் கிட்டத்தான், அங்க பெருசா மாத்த வேண்டியதில்ல. சோடா முக்கால் தேக்கரண்டி, சீனி 200 கிராம், முட்ட ரெண்டு, சூடு 180 டிகிரி. மகளோ மகனோ மேல நுவரெலியா பக்கம் இருந்து உங்ககிட்ட ரெசிப்பி கேட்டா மட்டும் இந்த அளவ அப்படியே குடுத்துறாதீங்க.

கேள்வி (கொட்டகலை வாசகி): கஜு விக்கிற விலைக்கு 75 கிராம் போடுறதே கஷ்டம். கச்சான் போட்டா கேவலமா இருக்குமா? இன்னொண்ணு, மகன் ஸ்கூலுக்கும் ஒரு துண்டு குடுத்தனுப்பணும்.

பதில்: கச்சான்ல என்ன கேவலம், நல்லா வறுத்து தோல் ஊதி, ஒண்ணு ரெண்டா ஒடச்சு போட்டா வாழப்பழத்துக்கு கஜுவ விட அதுதான் சேரும். அந்த அமெரிக்க கேக்குல போடுற பெக்கன நம்ம தேடிப் போக முடியுமா, அவங்க ஊர்ல வெளையிறத அவங்க போட்டாங்க, நம்ம நம்மகிட்ட உள்ளத போடுவோம். முழுக் கஜு வேணாம், கஜு துண்டு தனியா விப்பாங்க, வில கொறைவு, ஒடைக்கப் போறததான வாங்குறோம். பாதி கச்சான் பாதி கஜு துண்டுன்னு போட்டாலும் அருமையா இருக்கும்.

ஸ்கூலுக்கு குடுக்குறதுனா டீச்சர்கிட்ட மொதல்ல கேளுங்க, சில புள்ளைங்களுக்கு கச்சானோ கஜுவோ ஒரு கடி பட்டாலே மூஞ்சி வீங்கி மூச்சு அடைக்கும், அது வெளையாட்டு காரியம் இல்ல. அப்படி ஒரு புள்ள இருந்தா ரெண்டையும் விட்டுட்டு தேங்காய்ப்பூவ பொன்னிறமா வறுத்து அர கப் போடுங்க, கச்சான் வறுத்த சட்டிலயே வறுக்காம கழுவிட்டு வறுங்க. தேங்காயும் ஒத்துக்குமான்னு அந்தப் புள்ளையோட அம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுருங்க.

கேள்வி (மஸ்கெலியா வாசகி): கொழும்புல வேல செய்யிற மகனுக்கு பஸ்ஸுல குடுத்தனுப்பலாமா? எத்தன நாள் இருக்கும்?

பதில்: ஐசிங் இல்லாம அனுப்புங்கம்மா. தயிர் ஐசிங் கொழும்பு சூட்ட தாங்காது, அவிசாவள தாண்டுறதுக்குள்ள எளகிரும். அடுக்க தனித்தனியா ஒயில் பேப்பர்ல சுத்தி, அதுமேல பொலித்தீன் சுத்தி, பிஸ்கட் டின்னுக்குள்ள வச்சு இடைவெளில பேப்பர கசக்கி அடைங்க, ஆட்டத்துல நொறுங்காது. வடிச்ச அன்னாசிச் சாறு மிச்சம் இருந்தா கொதிக்க வச்சு ஆத்தி, சுத்துறதுக்கு முன்னாடி கேக் மேல ரெண்டு கரண்டி தடவுங்க.

நம்ம குளிர்ல மூடி வச்சா மூணு நாள் வெளியவே இருக்கும், கொழும்புல ஒரு நாள்தான், பழ ஈரம் உள்ள கேக்குல சூட்டுக்கு சீக்கிரம் பூஞ்சணம் புடிச்சிரும். போய் சேந்ததும் ஃப்ரிஜ்ஜுல வைக்க சொல்லுங்க, ஒரு அஞ்சு நாள் தாராளமா வரும், எண்ணெய் கேக்ங்கறதால ஃப்ரிஜ்ஜுல வச்சாலும் பட்டர் கேக் மாதிரி கல்லாகாது. திங்கிறதுக்கு கால் மணித்தியாலத்துக்கு முன்னாடி வெளிய எடுத்து வைக்க சொல்லுங்க, அப்பதான் கறுவா வாசம் வரும்.